பாட்டி பேசினாள் என்றால் ஏசினாளா? படப் புத்தகம் தேடும் ஒரு தாய்க்குப் பதில்

திருகோணமலை நகரத்திலிருந்து ஒரு தாய் ஆறு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விபரங்களை விட்டுவிட்டு, அதன் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு மூன்றரை வயது. முன்பள்ளிக்குப் போகத் தொடங்கி மூன்று மாதம். இளையவனுக்குப் பதினொரு மாதம். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். வீட்டில் மாமியும், அதாவது கணவரின் தாயும், கூட இருக்கிறார். முன்பள்ளியில் "வீட்டில் தினமும் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுங்கள், இங்கிலீஸில் என்றால் இன்னும் நல்லது" என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் சீட்டு விழுந்த காசில் ஒரு பெட்டி ஆங்கிலப் புத்தகம் வாங்கினார். எழுத்து, எண், நிறம், வடிவம், மிருகம் என்று மொத்தம் பத்து. மகள் இரண்டாவது பக்கத்திலேயே எழும்பி ஓடிவிடுகிறாள். யாரோ உறவினர் தந்த, அட்டை கிழிந்த தமிழ்ப் புத்தகம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பத் தூக்கிக்கொண்டு வருகிறாள். இந்தியாவில் அச்சிட்ட அந்தப் புத்தகத்தில் ஒரு முயலும் ஒரு கிழவியும் வருகிறார்கள். "பாட்டி முயலிடம் பேசினாள்" என்று வாசித்ததும், "ஏன் பாட்டி பேசினவ? முயல் என்ன குழப்படி செய்தது?" என்று கேட்டாளாம். ஒரே இரவில் நான்கு தரம் அதையே வாசிக்க வைத்திருக்கிறாள்.

கணவர், "ஏன் கஷ்டப்படுகிறாய், போனில் கதை வீடியோ போட்டுவிடு, அதுவும் கதைதானே" என்கிறார். மாமி அதிகம் படிக்காதவர். "எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும், நீயே வாசி" என்று ஒதுங்கிவிடுகிறார். இன்னொன்றும் இருக்கிறது. பக்கத்து வீட்டில் தந்த கடல் புத்தகம் ஒன்றில் பெரிய அலை வரும் பக்கத்தைக் கண்டதும் மாமி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். சுனாமியில் அவருடைய தங்கச்சி போனவர். அன்றிலிருந்து அந்தப் புத்தகம் அலுமாரிக்குள் இருக்கிறது.

அவர் கேட்பது இது: "எனக்குப் புத்தகம் தெரிவு செய்யத் தெரியவில்லையா, இல்லை பிள்ளைக்குக் கவனம் குறைவா? எந்தப் புத்தகம், எந்த மொழியில், எத்தனை வாங்க வேண்டும்? எங்கள் பேச்சுத் தமிழில் வாசித்தால் பிள்ளை பிழையான தமிழ் பழகிவிடாதா?"

அன்புத் தங்கச்சி,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு முதலில் சந்தோஷப்பட்டேன். பேச்சு, மொழிச் சிகிச்சை செய்கிறவள் நான். ஒரு மூன்றரை வயதுப் பிள்ளை "முயல் என்ன குழப்படி செய்தது?" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு கேள்விக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் ஊரில் "பேசினவ" என்றால் ஏசினவ. யாராவது ஏசினால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணம் புத்தகத்தில் இல்லை, ஆகவே அம்மாவிடம் கேட்க வேண்டும். இத்தனையையும் அவள் ஒரு வரியைக் கேட்ட உடனே யோசித்திருக்கிறாள். கவனம் இல்லாத பிள்ளைக்கு இது வராது.

ஒரே இரவில் நான்கு தரம் முயல் புத்தகத்துக்கு இருந்தவள், எழுத்துப் புத்தகத்துக்கு இரண்டு பக்கம் இருக்கவில்லை. அப்படியென்றால் குறை புத்தகத்தில்தான். ஒரு பக்கத்தில் ஓர் எழுத்து, அதன் கீழே ஓர் ஆப்பிள். அடுத்த பக்கத்தில் இன்னோர் எழுத்து, ஒரு பந்து. அங்கே ஒன்றும் நடக்கவில்லை. நடக்காத இடத்தில் அவள் எதற்காக நிற்க வேண்டும்? அந்தப் பெட்டியை வாங்கியது வீண் என்று நினைத்துக் கவலைப்பட வேண்டாம். அதை என்ன செய்வது என்று கடைசியில் சொல்கிறேன்.

வாசிப்பது என்றால் கதைப்பது

நாங்கள் பேசுவதைக் கதைப்பது என்றுதான் சொல்வோம். படப் புத்தகத்தை விளங்கிக்கொள்ள அந்தச் சொல்லே போதும் என்று நான் நினைப்பதுண்டு. புத்தகத்தில் இருக்கிற கதையைவிட, அதை வைத்துக்கொண்டு நீங்களும் அவளும் கதைக்கிற கதைதான் பிள்ளையின் மொழியை வளர்க்கிறது.

இதை 1988 இல் அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு வயதையொட்டிய பிள்ளைகளின் பெற்றோரை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினரை வழமை போல வாசிக்கவிட்டார்கள். மற்றப் பகுதியினருக்குச் சின்னப் பயிற்சி ஒன்று கொடுத்தார்கள். ஒரே மூச்சில் வாசிப்பதைக் குறையுங்கள், "என்ன நடக்குது?" என்பது போல ஒரு சொல்லில் முடியாத கேள்வி கேளுங்கள், பிள்ளை சொன்னதை வாங்கி இன்னும் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். இவ்வளவுதான். ஒரு மாதம் போனபின் பார்த்தால், இந்தப் பகுதிப் பிள்ளைகள் வாய்மொழியில் தெளிவாகவே முன்னுக்குப் போயிருந்தார்கள். நீண்ட வசனங்களும் பேசினார்கள். இரண்டு பகுதியினரும் வீட்டில் புத்தகம் வாசித்தவர்கள்தான். வாசித்த விதத்தில்தான் வித்தியாசம்.

இது எப்படி இருக்கும் என்று ஒரு பக்கத்தை வைத்துக் காட்டுகிறேன். படத்தில் காட்டுக்குள் ஒரு மான்குட்டி தனியாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

"இங்க என்ன நடக்குது?"

"மான் நிக்குது."

"ஓம், சின்ன மான்குட்டி தனிய நிக்குது. தாய் எங்க போயிருக்கும்?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெற்றோருக்கு ஆகக் கஷ்டமான வேலை இந்தக் காத்திருப்புத்தான். என்னிடம் வந்த ஒரு சிறுவன் இதே போன்ற ஒரு பக்கத்தை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மான் ஏன் காட்டுக்குள்ள நிக்குது? மான் ரோட்டிலதானே நிக்கும்" என்றான். கோட்டை வாசலிலும் கடற்கரை வீதியிலும் மான் மேய்வதைப் பார்த்து வளர்கிற திருகோணமலைப் பிள்ளைக்கு அது நியாயமான கேள்வி. அவனுடைய தாய் "இல்லை, மான் காட்டு மிருகம்" என்று திருத்தப் பார்த்தார். நான் தடுத்துவிட்டு, "ரோட்டில நிக்கிற மான் என்ன சாப்பிடுது?" என்று கேட்டேன். கடதாசி, வாழைப்பழத் தோல், பொலித்தீன் பை, அதைத் தின்றால் வயிறு நோகும் என்று கால் மணித்தியாலம் கதைத்தான். புத்தகத்தில் அதற்குப் பிறகு ஒரு பக்கமும் நாங்கள் திருப்பவில்லை.

ஆகவே முடிக்க வேண்டும், ஒவ்வொரு சொல்லையும் வாசிக்க வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். பின்னுக்கிருந்து முன்னுக்குப் புரட்டுகிறாளா? புரட்டட்டும். படத்தையே பார்க்கிறாள், எழுத்தைப் பார்க்கிறாள் இல்லை என்று நீங்கள் ஓரிடத்தில் குறைப்பட்டிருக்கிறீர்கள். 2005 இல் கனடாவில் கண் அசைவைப் பதியும் கருவியை வைத்து, கதை கேட்கும் நான்கு வயதுப் பிள்ளைகள் எங்கே பார்க்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ முழு நேரமும் படத்தைத்தான் பார்த்தார்கள். காதால் சொல்லையும் கண்ணால் பொருளையும் வாங்குகிற வயது அது. எழுத்தின் முறை பிறகு வரும்.

அதே முயல் கதை அலுத்துப்போகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு அலுக்கும், எனக்கும் என் பிள்ளைகளோடு அலுத்தது. ஆனால் அவளுக்கு ஒவ்வொரு தரமும் வேறொன்று கிடைக்கிறது. 2011 இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், புதுச் சொற்களை ஒரே கதைக்குள் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுப் பிள்ளைகள், அதே சொற்களை அதே அளவுக்கு வெவ்வேறு கதைகளில் கேட்ட பிள்ளைகளைவிடக் கூடுதலாகப் பிடித்துக்கொண்டார்கள். முதல் தரத்தில் பிள்ளை என்ன நடக்கிறது என்று பார்க்கிறாள். அது தெரிந்த பிறகுதான் சொற்களுக்குக் காது கொடுக்கிறாள். ஐந்தாவது தரம் வாசிக்கும்போது வசனத்தின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டுப் பாருங்கள். அவள் போட்டு நிரப்புவாள்.

கடையில் நின்றுகொண்டு எப்படித் தெரிவு செய்வது

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் எழுத்தை உள்ளங்கையால் மறையுங்கள். மூன்று நான்கு பக்கம் படத்தை மட்டும் பாருங்கள். யார், எங்கே, என்ன செய்கிறார்கள், அடுத்து என்ன ஆகலாம் என்று படமே சொல்கிறதா? சொன்னால் நல்ல புத்தகம். எழுத்தை மறைத்ததும் ஒன்றும் விளங்கவில்லை என்றால், அட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். படத்தில் எழுத்து சொல்லாத ஒன்று ஒளிந்திருந்தால் இன்னும் விசேஷம். கதை முழுக்கக் கிழவியைப் பற்றி இருக்கும், ஆனால் ஒவ்வொரு பக்கத்து மூலையிலும் ஒரு பூனை எதையாவது களவெடுத்துக்கொண்டிருக்கும். அதைப் பெரியவர்களுக்கு முன்னமே பிள்ளை கண்டுபிடித்துவிடும். அந்தச் சந்தோஷத்துக்காகவே அந்தப் புத்தகத்தைத் திரும்பவும் கொண்டு வரும்.

அப்புறம் ஒரு பக்கத்தை மெல்லிய குரலில் வாசித்துப் பாருங்கள். கடைக்காரர் பார்த்தாலும் பரவாயில்லை. நாக்கு இடறுகிறதா? வேறு மொழியிலிருந்து அவசரத்தில் தமிழாக்கிய புத்தகங்கள் பல அப்படித்தான் இருக்கின்றன. கண்ணுக்குச் சரியாகத் தெரியும், வாய்க்குள் கல் கடிக்கும். இது சத்தமாக வாசிக்கிற புத்தகம், ஆகவே வாய்தான் நீதிபதி. மகளின் வயதுக்கு ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று வரி போதும். திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி இருந்தால் நல்லது. அந்த வரி வரும்போது அவளும் சேர்ந்து சொல்வாள். அவளுக்குத் தெரிந்த உலகம் பாதி, தெரியாத உலகம் பாதி இருக்கட்டும். பனி கொட்டும் ஊர் படம் மட்டுமே பார்த்து வளரக்கூடாது. அதற்காகத் தென்னை மரம் மட்டுமே பார்க்க வேண்டும் என்றும் இல்லை.

இழுத்தால் வால் ஆடும், திறந்தால் எழுந்து நிற்கும் வகைப் புத்தகங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விளையாட நல்லவை. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தோ பெயரோ பழக்கிப் பார்த்த ஆய்வில், இழுக்கிற பொறி இல்லாத சாதாரணப் புத்தகத்திலிருந்துதான் அவர்கள் கூடுதலாகப் படித்துக்கொண்டார்கள். கவனம் வாலோடு போய்விடுகிறது. விலையும் கூட, ஒரு கிழமையில் கிழிந்தும் போகும். உங்கள் நிலையில் நான் வாங்கமாட்டேன்.

நீதிக்கதைகள் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன், நீங்கள் ஏற்க வேண்டும் என்றில்லை. கடைசிப் பக்கத்தில் "ஆகவே பிள்ளைகளே" என்று தொடங்கும் புத்தகங்கள் எங்கள் கடைகளில் நிறைய. கதை நன்றாக இருந்தால் வாங்குங்கள், கடைசி வரியை மட்டும் வாசிக்காமல் மூடுங்கள். "நரி செய்தது சரியா?" என்று அவளிடமே கேளுங்கள். அவள் சொல்லும் பதில் அச்சிட்ட நீதியைவிட நன்றாக இருக்கும். நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

காசு பற்றி யோசிக்கிறீர்கள், எனக்கு விளங்குகிறது. எல்லாவற்றையும் விலைக்கு வாங்கத் தேவையில்லை. நகரப் பொது நூலகத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவளே தூக்கிக்கொண்டு வருவதைப் பாருங்கள். இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையத்தளத்தில் ஏராளமான தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன. அவற்றைத் தரவிறக்கி அச்சிடுவதற்கு அவர்களே அனுமதி தந்திருக்கிறார்கள். ஆகவே களவு செய்கிறோமோ என்று நீங்கள் பயப்படத் தேவையில்லை. கொமியூனிகேஷன் கடையில் அச்சிட்டு நடுவில் தைத்துவிட்டால் புத்தகம். சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படப் புத்தகங்கள் வெளியிடுகிறது. எங்கள் நாட்டிலேயே ரூம் டு ரீட் நிறுவனம் தமிழிலும் சிங்களத்திலும் சிறுவர் நூல்கள் தயாரித்திருக்கிறது. ஆரம்பப் பாடசாலையில் படிப்பிக்கிற தெரிந்தவர்கள் இருந்தால் அங்குள்ள வாசிப்பு அறையில் விசாரித்துப் பாருங்கள்.

தமிழா, இங்கிலீஸா, எந்தத் தமிழ்?

முன்பள்ளி ரீச்சர் உங்கள் பிள்ளையின் நன்மைக்குத்தான் சொல்லியிருப்பார். ஆனால் "என்ட இங்கிலீஸ் அவ்வளவு சரியில்லை, வாசிக்கும்போது பயமாக இருக்குது" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பயந்து வாசிக்கிற குரலில் பிள்ளை கதை கேட்காது. அச்சில் இருப்பதைத் தாண்டி நீங்கள் ஒரு கேள்வி கேட்க முடியாது, பகிடி விட முடியாது, மானைப் பற்றிக் கதைக்க முடியாது. உங்கள் வீட்டு மொழியில் வாசியுங்கள். முதல் மொழியில் சொல்லும் சிந்தனையும் வளர்ந்த பிள்ளை இரண்டாவது மொழியை அதன்மேல் ஏற்றிக்கொள்ளும். தரம் 1 க்குப் போனாலும் அவள் கணக்கும் சூழலும் தமிழில்தான் படிக்கப் போகிறாள்.

அதற்காக இங்கிலீஸே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. இரண்டு மொழி கேட்டால் பிள்ளைக்குப் பேச்சுப் பிந்தும் என்பது பிழையான நம்பிக்கை. ரீச்சரிடம், "நான் வீட்டில் தமிழில் வாசிக்கிறேன் ரீச்சர், நீங்கள் அங்கே இங்கிலீஸ் பாட்டும் கதையும் சொல்லிக் குடுங்கோ" என்று தன்மையாகச் சொல்லுங்கள். வீட்டில் எந்த மொழியில் கதைப்பது என்று தீர்மானிக்கிற உரிமை உங்களுடையது.

இனி அந்தப் பாட்டிக்கு வருவோம். இந்தியப் புத்தகத்தில் சன்னல் என்றிருக்கும், நாங்கள் யன்னல் என்போம். அங்கே பப்பாளி, இங்கே பப்பாசி. அங்கே பேசினாள் என்றால் கதைத்தாள், இங்கே ஏசினாள். எங்கள் சொல் பிழையான தமிழ் இல்லை, தங்கச்சி. இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கி வந்த தமிழ் அது. அவளுக்கு அதில்தான் கோபமும் செல்லமும் தெரியும்.

வாசிக்கும்போது மாற்றலாமா என்றால், சின்னவனுக்குத் தாராளமாக மாற்றுங்கள். மூத்தவளுக்கு, ஒரு சொல்லில் அவள் இடறினால் மட்டும் நில்லுங்கள். "அந்த ஊரில் பேசுறது என்றால் கதைக்கிறது. எங்கட ஊரில் பேசுறது என்றால் ஏசுறது" என்று சொல்லிக்கொடுங்கள். ஒரு சொல்லுக்கு இரண்டு ஊரில் இரண்டு பொருள் என்பது மூன்றரை வயதுக்குப் பெரிய அதிசயம். நான் பந்தயம் கட்டுவேன், மறுநாள் அப்பம்மாவிடம் ஓடிப்போய் அதையே சொல்வாள்.

மாமியும் அந்த அலைப் பக்கமும்

மாமியால் வாசிக்க முடியாது என்பதால் அவர் ஒதுங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஆகச் சிறந்த கதைசொல்லி அவராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். எழுத்தே இல்லாத படப் புத்தகங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றை அவர் மடியில் வையுங்கள். கிடைக்காவிட்டால் எந்தப் புத்தகமானாலும் படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மீன் படம் வந்தால் அது பாரையா சூடையா, எப்படி வெட்டுவது, எந்தக் காற்றுக்கு எது படும் என்று அவர் சொல்வார். அந்தச் சொற்கள் எந்தப் பெட்டிப் புத்தகத்திலும் கிடையாது. "மாமி, வாசிச்சுக் காட்டுங்கோ" என்று கேட்க வேண்டாம். "மாமி, இந்தப் படத்தில என்ன என்று இவளுக்குச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். முதல் கேள்வி அவரைச் சோதிக்கிறது.

கடல் புத்தகம் பற்றி மெதுவாகக் கதைக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு இத்தனை வருடம் போய்விட்டது, இன்னுமா என்று நீங்கள் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். இன்னும்தான். கடலைத் தினமும் பார்த்துக்கொண்டு வாழ்கிறவர், ஒரு படத்தில் உடைந்துபோவது ஆச்சரியம் இல்லை. கடல் அவருக்குப் பழகிவிட்டது. அந்தப் பக்கம் எதிர்பாராமல் வந்தது. பிள்ளைக்கு முன்னால் அதைப் பற்றிக் கேட்க வேண்டாம். அவள் நித்திரையான பிறகு, பக்கத்தில் இருந்து, "அந்தப் படம் உங்களுக்குக் கஷ்டமாகப் போச்சா மாமி?" என்று மட்டும் கேளுங்கள். சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள், சொல்லாவிட்டால் விடுங்கள். நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, அதே நினைவு திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புத்தகத்தை ஒளித்து வைப்பதில்தான் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. அப்பம்மா மூடிவிட்டுப் போனதை மகள் பார்த்திருக்கிறாள். பிறகு புத்தகமும் காணாமற்போய்விட்டது. காரணம் தெரியாதபோது பிள்ளை தானே ஒரு காரணத்தைக் கட்டிக்கொள்ளும். பெரும்பாலும் "நான்தான் ஏதோ குழப்படி செய்துவிட்டேன்" என்பதாகத்தான் அது இருக்கும். அவளுக்கு ஒரு வசனம் போதும்: "அந்தப் படத்தைப் பார்த்தால் அப்பம்மாவுக்குத் தங்கச்சி ஞாபகம் வந்து அழுகை வரும். நீ ஒன்றும் செய்யேல்லை." மேலும் கேட்டால் கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். அப்புறம் அந்தப் புத்தகத்தை நீங்களும் அவளும் மட்டும், மாமி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து வாசியுங்கள். கடல் ஊர்ப் பிள்ளைக்குக் கடல் புத்தகம் இல்லாமல் முடியாது.

போனும், அப்பாவும், சின்னவனும்

உங்கள் கணவர் சொல்வதில் ஒரு பாதி சரி, கதை எதில் வந்தாலும் கதைதான். ஆனால் வீடியோ அவளுக்காகக் காத்திருக்காது. "முயல் என்ன குழப்படி செய்தது?" என்று அவள் கேட்டால் அது அடுத்த காட்சிக்குப் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் தந்த வழிகாட்டலின்படி ஒரு வயதுக்குக் கீழே திரை வேண்டாம், மூன்று நான்கு வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைவென்றால் நல்லது. இருத்தி வைத்திருக்கும் நேரத்தில் வாசிப்பும் கதை சொல்லலும் நல்லது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

அப்பா வாட்ஸ்அப்பில் நேரே வந்து கதைப்பது வேறு விஷயம். அங்கே இரண்டு பக்கமும் கேள்வி பதில் இருக்கிறது. முயல் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புங்கள். இங்கே இரவு ஏழரை என்றால் கட்டாரில் பின்னேரம் ஐந்து மணி. அவர் அங்கிருந்து வாசிக்க, அவள் இங்கே பக்கத்தைப் புரட்டட்டும். வேலை நேரம் இடிக்கிறது என்றால் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் "சரி, இப்ப திருப்பு" என்று அவர் சொல்ல வேண்டும்.

பதினொரு மாதத்தானுக்குப் புத்தகம் தின்கிற சாமான். தடித்த அட்டைப் புத்தகம் ஒன்று போதும், கூர் மூலை இல்லாமல், பக்கத்துக்கு ஒரு தெளிவான படத்தோடு. மனித முகம் என்றால் ஆக விருப்பம். அதைவிட நல்லது நீங்களே செய்கிற ஒன்று. அப்பா, அக்கா, அப்பம்மா, வாசலில் படுத்திருக்கும் நாய், அவன் பால் குடிக்கும் கோப்பை ஆகியவற்றின் போட்டோவைப் பெரிதாக அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, பிளாஸ்ரிக் உறை போடுங்கள். சுட்டிக்காட்டிப் பெயர் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் இருந்தால் அது பெரிய விஷயம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2014 இலேயே, கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே வாசித்துக் காட்டச் சொல்லும்படி தன் வைத்தியர்களைக் கேட்டுக்கொண்டது. ஆகவே இவனுக்கு இது முந்தியதும் இல்லை. அக்காவின் புத்தகத்தையும் இவனுடையதையும் ஒன்றாக வைக்க வேண்டாம், சண்டைதான் வரும். அவளுக்கு என்று இரவில் பத்து நிமிடம் தனியே வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் சும்மா விட முடியாது. மூத்தவளுக்கு அடிக்கடி தடிமன், காதால் சீழ் வடிந்தது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அவள் பேச்சில் எனக்குக் கவலை இல்லை, காதில் இருக்கிறது. கூப்பிட்டுத் திரும்பாமல் இருக்கிறாளா, போனின் சத்தத்தைக் கூட்டுகிறாளா என்று பாருங்கள். எப்படியிருந்தாலும் ஒருமுறை காது மூக்குத் தொண்டை கிளினிக்கில் காட்டுங்கள். சின்னவனையும் கவனியுங்கள். ஒரு வயது தாண்டியும் கை காட்டுதல், டாட்டா, மழலைச் சத்தம் ஒன்றும் இல்லை, ஒன்றரை வயதுக்குப் பிறகும் ஒரு சொல்லும் வரவில்லை, அல்லது வந்த சொல் நின்றுவிட்டது என்றால், பிறகு பார்ப்போம் என்று இருக்காமல் அடுத்த கிளினிக் நாளிலேயே மருத்துவமாதிடம் சொல்லுங்கள்.

எத்தனை வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். நூலகத்திலிருந்து இரண்டு, அச்சிட்டுத் தைத்தது இரண்டு, இந்த மாதத்துக்குப் போதும். அந்த ஆங்கிலப் பெட்டியில் மிருகப் புத்தகத்தை மட்டும் வெளியே எடுத்து, எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைத் தமிழில் கதையுங்கள். மற்ற ஒன்பதும் அலுமாரிக்கு மேலே இருக்கட்டும். எழுத்தில் ஆசை வரும் காலத்தில் அவளே கேட்பாள்.

முயல் புத்தகத்தின் அட்டையை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒட்டிவிடுங்கள். செலோடேப் கொஞ்ச நாளில் மஞ்சளாகிக் கழன்றுவிடும். கோதுமை மாவில் தடிப்பாகப் பசை காய்ச்சி, முதுகுப் பக்கத்தில் ஒரு பழைய பருத்தித் துணித்துண்டை வைத்து ஒட்டி, மேலே அம்மிக்கல்லைப் பாரம் வையுங்கள். ஒட்டும்போது மகளைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கழன்ற பக்கங்களை எந்த ஒழுங்கில் வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.